விளம்பரம் வேண்டாம் என்று யார் சொல்வது?

தூர்தர்ஷன் காலத்து லலிதாஜியை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்கறி வாங்கும்போது கறாராகப் பேரம் பேசுகிற அந்த இல்லத்தரசி, சலவைத்தூள் என்று வந்தால் விலை கூடிய சர்ஃபைத்தான் வாங்குவார். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்கும் சொல்வார். பாத்திரத்தை உருவாக்கியவர் லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்ஸி. நடித்தவர் கவிதா சௌத்ரி. விளம்பரத் துறையில் கற்பனைத் திறனுக்கு இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால், அந்தக் கற்பனைக்குப் பின்னால் இருந்த வியூகத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்த வியூகம் எதுவரை செல்லுபடியானது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

லலிதாஜி பிறந்ததே நிர்மாவால்தான். குஜராத் அரசுப் பணியில் வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல் 1969-ல் அகமதாபாதில் தயாரிக்கத் தொடங்கிய சலவைத்தூள் அது. ஆரம்பத்தில் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். சர்ஃபின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. சர்ஃபை வாங்குவதைப் பற்றி யோசித்தே பார்க்காத குடும்பங்கள் அதை வாங்கின.

லலிதாஜி பேசியது அந்தக் குடும்பங்களோடு அல்ல. ஏற்கெனவே சர்ஃப் வாங்கிக்கொண்டு, ‘எதற்கு வீணாக இவ்வளவு செலவு?’ என்று தடுமாறத் தொடங்கியவரோடு. ‘நீங்கள் ஏமாளி இல்லை, கணக்குத் தெரிந்தவர்’ என்று அவருக்குத் தைரியம் சொன்னார். யாரோடு பேசுவது என்ற அந்தத் தேர்வு கச்சிதமானது. ஆனால், கையில் இருக்கும் சில்லறைக்கு இந்த வாரத் துணியைத் துவைத்தாக வேண்டிய பெண்ணுக்கு அரைக் கிலோ கணக்கு எதற்கு? அவருக்கு இன்னும் அழகான விளம்பரம் எடுத்தாலும் பயனில்லை. சர்ஃபைத் தயாரித்த இந்துஸ்தான் லீவர் அதை உணர்ந்தபோது வந்தது வீல் என்ற மலிவுத் தூள். கலவை, விலை, தயாரிப்பு, விநியோகம் எல்லாவற்றையும் புதிதாக யோசித்த பிறகுதான் அதற்கு விளம்பரம்.

நம் கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதனின் கதையும் இதையே சொல்கிறது. 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கியவர் அவர். ஷாம்பு பழக்கமே இல்லாத ஊர்களில், கூட்டத்துக்கு நடுவே ஒரு பையனுக்குத் தலை அலசிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று கடைகளில் ஒரு திட்டம். கைகள் பழகியதும், இனி சிக் பாக்கெட்டுகளை மட்டுமே ஏற்போம் என்று மாற்றினார்கள். அந்த இரண்டாவது அடியில்தான் மொத்தச் சாமர்த்தியமும் இருக்கிறது. அதற்கு எந்த விளம்பர விழாவிலும் பரிசு கிடையாது!

இப்படி வியூகம் யோசிக்கும் வேலைக்கு லண்டன் விளம்பர நிறுவனங்கள் 1968 வாக்கிலேயே தனிப் பதவி கொடுத்தன. ஸ்டீபன் கிங், ஸ்டான்லி போலிட் இருவரும் அதன் முன்னோடிகள். பதவி வந்ததே தவிர, தனிக் கூலி வரவில்லை. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வாங்கும் இடத்துக்கு 15 சதவீதம் கமிஷன் என்பதுதான் விளம்பர நிறுவனங்களின் வருமானமாக வெகுகாலம் இருந்தது. யோசனை அதோடு வந்த கொசுறு.

கமிஷன் முறை தேய்ந்துவிட்டது. கொசுறுப் பழக்கம் போகவில்லை. வேலையைப் பிடிக்க விளம்பர நிறுவனங்கள் போடும் போட்டியில் வியூகத்தை முதலாளிகள் இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு மாதத்துக்கு இத்தனை ரீல்ஸ், இத்தனை போஸ்டர் என்று எண்ணிக் கூலி கொடுக்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர், ‘உங்களுக்கு ரீல்ஸ் தேவையில்லை, பாக்கெட்டின் அளவைக் குறையுங்கள்’ என்று எப்படிச் சொல்வார்? அப்படிச் சொல்வதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, அந்த மாதம் ஒரு ரீல்ஸும் வராவிட்டாலும் பில்லைக் கேள்வி கேட்காமல் தீர்க்கிற முதலாளிகள் வேண்டும்.