கவனக்குறைவு யாருடைய குறை?

“பையனுக்குக் கவனமே இல்லை, டீச்சர்.” பெற்றோர் சந்திப்பு நாளில் நான் மிகுதியாகக் கேட்கும் குறை இதுவே. ஆசிரியர் அறையிலும் இதே புலம்பல்தான். அதட்டினால் கவனம் வந்துவிடும் என இரு தரப்பும் நம்புகின்றன. நான் இதனை மறுக்கிறேன்.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. தான் அறிந்ததையே பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. மற்ற நான்கும் இங்கு வேண்டா. நம் வகுப்பறையில் ஒலிப்பது பெரும்பாலும் அறிவினாவே, கேட்பவரும் நாமே. பிள்ளையின் அறியா வினாவுக்கு நம்மிடம் உள்ள விடை, “அது பாடத்தில் இல்லை.”

நானும் அவ்வாறு சொன்னவள்தான். கிள்ளானிலிருந்து நான்காம் ஆண்டு மாணவர்களைக் கொமுட்டர் இரயிலில் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். “டீச்சர், பிரிக்பீல்ட்சில் செங்கல்லே காணோமே?” என்றான், ‘கவனமில்லாதவன்’ எனப் பெயரெடுத்த ஒருவன். “வரிசையில் நட” என்றேன். திரும்பும்போது மனம் உறுத்தவே விளக்கினேன். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு, மர வீடுகளை அழித்தன. பின்னர் நகரைச் செங்கல்லால் எழுப்பியபோது சூளைகள் எரிந்த மண் அது. அவ்வளவுதான்! அதன்பின் அவன் சன்னலைவிட்டு அசையவில்லை. ஒவ்வொரு நிலையப் பெயராகப் படித்துவந்தான். பத்து தீகா வந்தது. “எங்கிருந்து மூன்றாம் கல், டீச்சர்?” சலிப்பூட்டும் அந்தப் பயணத்தை அன்று அவனோடு நானும் இரசித்தேன்.

2014-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். விடையறியும் ஆவலோடு காத்திருந்த நேரத்தில் வினாவோடு தொடர்பே இல்லாத முகங்களைக் காட்டினர். ஆவல் மிகுந்திருந்தபோது கண்ட முகங்களே பின்னர் நன்கு நினைவில் நின்றன. ஆவல் கொண்ட மனம் அருகில் இருப்பதையும் சேர்த்தே பற்றிக்கொள்கிறது.

“எல்லா வினாவுக்கும் விடை சொன்னால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?” என்பர் சக ஆசிரியர்கள். நேர்மையான கேள்விதான். ஆனால், “இங்கே கவனி” என்று நாளெல்லாம் கத்துவதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. நம் மனத்திலிருந்து மட்டும் அகலவில்லை.

அன்று கிள்ளான் நிலையத்தில் அவன் தாயாரிடம், வழியெல்லாம் மகன் கேட்டவற்றைப் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பயிற்சித்தாள் ஏதும் கொடுத்தீர்களா, டீச்சர்?” என்றார்.