வானளாவிய கச்சேரியும் வாசலில் நிற்கும் வயிறும்

ஜப்பான் தேசத்து டோக்கியோ நகரில், ஷின்ஜுக்கு என்னும் பாகத்தில், அந்நகர சர்க்காரின் தலைமைக் கச்சேரி இருக்கிறது. 48 மாடி, 243 மீட்டர் உயரம். கென்ஸோ டாங்கே என்னும் கட்டிடக்கலை நிபுணர் திட்டம் வகுத்தார். 1991-ம் வருஷம் திறக்கப்பட்டது. 33-வது மாடிக்கு மேல் இரட்டைக் கோபுரமாகப் பிரிந்து நிற்கிறது.

இதில் மெச்ச வேண்டியதை மெச்சாமல் விடுவது யோக்கியமாகாது. 1923-ம் வருஷத்துப் பூகம்பம் அப்பிரதேசத்தில் லட்சம் பேருக்கு மேல் பலிகொண்டது. வெகுகாலம் 31 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1963-ல் சட்டம் திருத்தப்பட்டது. பூமி எப்படி ஆடுகிறது, எஃகுச் சட்டம் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று கணக்குப் போட்டு, 1968-ல் 147 மீட்டர் உயரத்தில் காசுமிகசேகி கட்டிடத்தை எழுப்பினார்கள். அந்த அறிவின் வளர்ச்சியே இந்தக் கச்சேரி. 2011 மார்ச் 11-ந் தேதி பூகம்பத்தில் ஷின்ஜுக்குக் கோபுரங்கள் பல நிமிஷம் ஆடின, விழவில்லை. அவற்றை நிறுத்தியது மந்திரமா, மனிதன் போட்ட கணக்கா என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இதற்கான செலவு சுமார் 15,700 கோடி யென். ஜனங்கள் இதற்கு "வரிக் கோபுரம்" என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பெரிய நகரத்துக்குப் பெரிய கச்சேரி வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்றே நாமும் சொல்லுகிறோம். 45-வது மாடியில் ஏறி ஊரைப் பார்க்க எவரிடமும் காசு வாங்குவதில்லை, அதுவும் நல்லதே.

ஆனால் கட்டிடத்துக்குப் போகும் வழியைக் கவனியுங்கள். ஷின்ஜுக்கு ரயில் நிலையத்தின் மேற்குப் புறத்து நிலவறைப் பாதையில், வேலையும் வீடும் இழந்தவர்கள் அட்டைப் பெட்டிகளால் குடில் அமைத்துப் படுத்திருந்தார்கள். 1996 ஜனவரியில் நகர சர்க்கார் அவர்களைக் கிளப்பியது. எதற்காக? கச்சேரிப் பக்கம் போகிறவர்களின் கால் நோகாமலிருக்க, தானே நகரும் நடைபாதை போடுவதற்காக! காலுக்கு வந்த கருணை மனிதனுக்கு வரவில்லை.

2020-ல் கொரோனா நோய் பரவிய பிறகு, அதே கோபுரத்தின் காலடியில் சனிக்கிழமைகளில் தொண்டர்கள் இலவச உணவு கொடுத்து வந்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர் வரிசையில் நின்றார்கள். 2024 பிப்ரவரி முதலோ, அக்கோபுரத்தின் சுவரில் இரவில் வண்ண ஒளிக்காட்சி நடக்கிறது. மேலே வேடிக்கை, கீழே பசி. இரண்டும் ஒரே கட்டிடத்தில்!

பூகம்பத்துக்குக் கணக்குப் போடத் தெரிந்த சர்க்காருக்கு, பசிக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்றுதான் நாம் கேட்கிறோம். பசி பூகம்பத்தைப்போல் சொல்லாமல் வருவதல்ல. வாரந்தோறும் கச்சேரி வாசலிலேயே வந்து நிற்கிறது. அதை அடக்கும் வேலையைத் தொண்டர்களின் தர்மத்துக்கு விட்டுவிடுவது சர்க்காருக்கு அழகல்ல. அந்த வரிசையில் நிற்பவனும் வரி கொடுத்தவனே. அவன் கேட்பது பிச்சையல்ல, தன் பங்கு. அதைக் கொடுத்துவிட்டு எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை.