இட்டிலிக் கணக்கு

"எத்தனை இட்டிலி சாப்பிட்டாய்?" என்ற கேள்வி நம் வீடுகளில் வெறும் கணக்கன்று. உடம்புக்கு நலந்தானா, மனத்தாங்கல் ஒன்றுமில்லையே என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு என்றால் சமைத்தவர் மனம் குளிரும். ஒன்று என்றால் வீடே கலங்கும்.

கரமனையில் வாழும் என் சித்தப்பா, உடற்பருமனுக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர். 'ஸ்லீவ்' என்னும் முறை அது. இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் நீக்கிவிட்டு, நீண்ட குழாய்போன்ற ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்கிறார்கள். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலிட்டர். ஒரு காப்பி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளருக்குள் நான்கு இட்டிலியை எப்படித் திணிப்பது? ஆனாலும் சித்தி தட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்கோ" என்று நிற்கிறார். அன்புதான், யார் குறை சொல்வது!

தெருவோ வேறு பேசுகிறது: "வாயைக் கட்டத் தெரியாதவர் வயிற்றை வெட்டிக்கொண்டார்." இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். பசியைத் தூண்டும் சுரப்பும் இந்த அறுவையால் குறைகிறது. பருமன் மனவுறுதியை மட்டும் பொறுத்த செய்தியன்று என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 1966-ல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கிவைத்தார். அரை நூற்றாண்டு கடந்த மருத்துவத்தைக் குறுக்குவழி என்று ஏளனம் செய்வது படித்தவர்க்கு அழகா?

காலை உணவுக்கு வருவோம். மருத்துவமனையில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஓட்ஸ், காட்டேஜ் சீஸ் என்றெல்லாம் கண்டிருந்தது. சித்தி அதை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். வைக்காமல் என்ன செய்வார்?

உண்மையில், வேண்டியதெல்லாம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது, வரிசையைத்தான் மாற்றவேண்டும். இத்தகைய அறுவைக்குப்பின் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஓர் இட்டிலியில் கிடைப்பது 2 கிராம் அளவே. வேகவைத்த சிறுபயறு 100 கிராமில் 7 கிராம். 50 கிராம் பனீரில் 9 கிராம் அளவு. (முட்டை எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது, உண்பவர்க்கு ஒன்றில் 6 கிராம்.) ஆகவே புட்டும் பயறும் என்பது பயறும் சிறிது புட்டும் என்றாகட்டும், முதல் கவளம் பயறாகவே இருக்கட்டும். மாவுப்பண்டம் திரண்டு அடைத்துக்கொள்வதும் பலருக்கு நேர்கிறது. பருப்பு மிகுந்த மெல்லிய அடையும் கெட்டித்தயிரும் நல்ல துணை.

கஞ்சியை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு நீர்த்த உணவுதான் சரி. அந்தக் கட்டம் கடந்தபின்னும் கஞ்சியே கதி என்றிருந்தால், அது விரைவில் வழிந்தோடிவிடும். பதினொரு மணிக்கே பசிக்கும். மென்று தின்னும் பயறு நின்று தாங்கும். காப்பியையும் உணவோடு சேர்க்காமல் அரைமணி கழித்துக் குடிப்பது அதனால்தான். இருபது நிமிடமாவது மெல்ல உண்ணவேண்டும். அந்த இருபது நிமிடமும் வீட்டார் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல் ஊர்க்கதை பேசினால் பெரிய உபகாரம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ மாணவர் இருவரையும் உணவியல் அறிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, நம் ஊர்ப் பண்டங்களின் பெயரோடு ஒரு பக்கத் தாளை நல்ல தமிழில் நாமே எழுதலாமே! பதம் சொல்லச் சித்தி இருக்கிறார்.