கொடுங்கோலன் தந்த கொடையா?

ரஷ்ய இலக்கியத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே தமிழ் வாசகர் வட்டங்களில் ஒரு கருத்து தவறாமல் வந்து நிற்கும். ஜார் காலத்திலும் ஸ்டாலின் காலத்திலும் அந்த மக்கள் பட்ட பாடுதான் அத்தனை பெரிய எழுத்தைப் பிறப்பித்தது. சிறையும் பஞ்சமும் போரும் காணாத நாட்டில் அப்படி ஓர் எழுத்தாளன் தோன்ற மாட்டான் என்பார்கள். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. பட்ட துன்பத்துக்கு ஏதேனும் ஒரு பலன் இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கமே அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் கொல்லப்பட்டவர்களின் உழைப்பைக் கொன்றவர்களின் கணக்கில் வரவு வைப்பதில்தான் அந்தப் பேச்சு போய் முடிகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

முதலில் கூண்டில் ஏற்றப்படும் சாட்சி தஸ்தயேவ்ஸ்கி. 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் நகரின் செம்யோனவ்ஸ்கி மைதானத்தில் சுட்டுக் கொல்வதற்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர். கடைசி நிமிடத்தில் தண்டனை மாற்றப்பட்டு, காலில் விலங்கோடு சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த நான்கு ஆண்டுகள் இல்லாவிட்டால் 'குற்றமும் தண்டனையும்' இல்லை என்பது வாதம். அந்தச் சிறையில் அவருக்கு எழுத அனுமதியே இல்லை என்பது இந்த வாதத்தில் காணாமல் போகிறது. சிறை மருத்துவமனையில் கிடந்த நாட்களில் சக கைதிகளின் பேச்சுவழக்குகளை ஒரு சின்ன நோட்டில் மறைவாகக் குறித்துவைத்தார். அங்கே அவரால் எழுத முடிந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். சிறை அனுபவத்தை அவர் நூலாக அச்சிட்டது 1860க்கும் 1862க்கும் இடையில். அதற்குள் முதலாம் நிக்கலாய் இறந்து, இரண்டாம் அலெக்சாண்டர் ஆட்சிக்கு வந்து, தணிக்கை தளர்ந்திருந்தது. 1861இல் பண்ணையடிமை முறையும் ஒழிக்கப்பட்டது. கைதாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே 'ஏழை மக்கள்' நாவலால் பெயர் பெற்றுவிட்டவர் அவர் என்பதும் மறக்கத்தக்கதல்ல. சிறையும் கட்டாய ராணுவ சேவையுமாக அவருடைய வாழ்வில் பத்து ஆண்டுகள் பறிபோயின. சிறை அவருக்கு எழுதுவதற்கான பொருளைத் தந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை எழுதி வெளியிட விட்டது ஆட்சியின் தளர்வு.

அந்த மைதானத்தில் துப்பாக்கிகள் தாழ்த்தப்பட்டன. ஸ்டாலின் காலத்தில் அவை தாழ்த்தப்படவில்லை. துன்பம் இலக்கியத்தை வளர்க்கும் என்பவர்கள் எண்ணுவதெல்லாம் பிழைத்தவர்களை மட்டும்தான். கேஜிபி ஆவணக் காப்பகத்தில் எழுத்தாளர்களின் கோப்புகளைத் தேடி எடுத்த விதாலி ஷென்தலின்ஸ்கி, சோவியத் ஆண்டுகளில் கைதான எழுத்தாளர்கள் சுமார் 2,000 பேர் என்றும், அவர்களில் 1,500 பேர் வரை சிறைகளிலும் முகாம்களிலும் மடிந்தார்கள் என்றும் மதிப்பிட்டார். ஸ்டாலினைப் பற்றி 1933 நவம்பரில் ஒரு சிறு கவிதையைப் புனைந்து நண்பர்கள் சிலரிடம் மட்டும் சொல்லிக்காட்டிய ஒசிப் மண்டெல்ஷ்டாம், 1938 டிசம்பர் 27 அன்று விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைத்தங்கல் முகாமில் இறந்தார். வயது 47.

உக்ரைனில் நடந்தது இன்னும் கொடிது. 1920களில் உக்ரைனிய மொழியில் நாடகமும் நாவலும் கவிதையும் ஒன்றாகப் பூத்த காலம் ஒன்று இருந்தது. 1937 அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சலவ்கி தீவுச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,111 கைதிகள் கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டுப் புதைக்கப்பட்டார்கள். நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ், நாடகாசிரியர் மிகோலா குலிஷ், கவிஞர் மிகோலா ஸெரோவ், நாவலாசிரியர் வலேரியன் பித்மொஹில்னி ஆகியோர் அவர்களில் இருந்தார்கள். ஒரு தலைமுறையே ஒரே காட்டில் கிடந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்தீஷ் மொழிக்கு அந்த அழிவு 1952 ஆகஸ்ட் 12 இரவு வந்தது: மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேரில் பெரெத்ஸ் மார்கிஷ், தாவித் பெர்கெல்சன் முதலிய ஐந்து எழுத்தாளர்கள் இருந்தார்கள். கொடுங்கோன்மை பேரிலக்கியம் தருமென்றால், ரஷ்ய மொழியைவிட அதிகம் அடிபட்ட இந்த மொழிகளில் அல்லவா பேரிலக்கியம் குவிந்திருக்க வேண்டும்? பித்மொஹில்னியின் பெயரையே தமிழில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இதே பேச்சு ஈழத்தைப் பற்றியும் உண்டு. போர் இல்லாவிட்டால் ஈழத்தில் இவ்வளவு வலுவான எழுத்து வந்திருக்காது என்று தமிழ்நாட்டு மேடைகளிலேயே பாராட்டாகச் சொல்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கவிஞர் சிவரமணி 1991 மே மாதத்தில், இருபதுகளின் தொடக்கத்திலேயே, தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டு 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்திய கவிஞர் செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவேயில்லை. இந்த இருவரும் நாற்பது வயதில், ஐம்பது வயதில் என்ன எழுதியிருப்பார்கள் என்ற கேள்வியைப் போரைப் பாராட்டுபவர்கள் ஒரு முறையாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வாதம் கொஞ்சம் நுட்பமானது. துன்பம் எழுத்தாளனைக் கொல்லாவிட்டால் அவனுக்கு ஞானம் தரும் என்பது அது. இதற்குச் சாட்சியாக சோல்ஜெனிட்சின் வருகிறார். 'குலாக் தீவுக்கூட்டம்' நூலில், தன்னை மனிதனாக்கியது என்று சிறையையே அவர் வாழ்த்துகிறார். இந்த வாழ்த்தை எடுத்துக்காட்டுபவர்கள் அதையொட்டி அடைப்புக்குறிக்குள் அவரே எழுதியதை விட்டுவிடுகிறார்கள்: நீ உயிரோடு வந்துவிட்டாய், அதனால் அப்படிச் சொல்கிறாய் என்று கல்லறைகளிலிருந்து தமக்குப் பதில் கேட்பதாக அங்கே அவர் ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் கல்லறைகளின் பக்கம் நின்று பேசியவர் வர்லாம் ஷலமோவ். 1937இல் கைதாகி, கோலிமாவின் தங்கச் சுரங்கங்களிலும் முகாம்களிலும் பதினான்கு ஆண்டுகள் கைதியாகக் கழித்தவர். முகாமில் பெறும் அனுபவம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மனிதனுக்குக் கேடு மட்டுமே செய்வது, அதை எவரும் அறியவே கூடாது என்பது அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளாத முடிவு. பசியிலும் குளிரிலும் முதலில் சிந்தனை போகிறது, பிறகு சொற்கள் போகின்றன, கோபம் மட்டும் கடைசிவரை தங்குகிறது என்பதைத் தம் கதைகளில் திரும்பத் திரும்பக் காட்டினார். குலாக் நூலைச் சேர்ந்து எழுதலாம் என்று சோல்ஜெனிட்சின் அழைத்தபோது அவர் இணங்கவில்லை. 'கோலிமாக் கதைகள்' முகாமில் எழுதப்பட்டவை என்று எண்ணுபவர்கள் உண்டு. அவர் அவற்றைத் தொடங்கியது கோலிமாவை விட்டு வந்த பிறகு, 1954இல். உலகின் மிகக் கொடிய முகாம்களில் ஒன்றைப் பற்றி மிக நன்றாக எழுதிய மனிதரே அந்த முகாம் தமக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்று சொல்லும்போது, வெளியே பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் நாம் அது கற்றுத்தந்தது என்று வாதாடுவது சரியா?

தணிக்கை மொழியைக் கூர்மையாக்கும், நேராகச் சொல்ல முடியாதவன் உருவகத்தைக் கண்டுபிடிப்பான் என்பதும் பலர் விரும்பிச் சொல்வது. ஜார் காலத்து நீதிக்கதைகளில் இதற்கு ஓரளவு இடமுண்டு. சோவியத் காலத்தில் தணிக்கையின் கையைத் தாண்டி அச்சேறியவற்றைப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. 1933 ஆகஸ்டில் 120 எழுத்தாளர்கள், கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்ட வெண்கடல் கால்வாய்க்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கைதிகள் அந்த வேலையில் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, கார்க்கியைப் பதிப்பாசிரியர்களில் ஒருவராகக் கொண்டு, 36 பேர் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. கட்டாய உழைப்பு மனிதர்களைத் திருத்தியது என்று அது புகழ்ந்தது. எழுதியவர்களில் ஒருவரான விக்தர் ஷ்க்ளோவ்ஸ்கியின் அண்ணனே அந்தக் கால்வாயில் கைதியாக இருந்தார். நல்ல எழுத்தாளர்கள் சிலரும் அந்த 36 பேரில் உண்டு. அவர்களுடைய மொழி அங்கே கூர்மையடையவில்லை, மழுங்கியது.

அன்னா அக்மதோவாவின் கதையும் இதையே காட்டுகிறது. 1920களின் நடுவிலிருந்து 1940 வரை அவருடைய புதிய கவிதைத் தொகுப்பு எதுவும் வெளிவர விடப்படவில்லை. 1946இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். மகன் லேவ் மீண்டும் கைதானபின், அவனைக் காப்பாற்றும் நம்பிக்கையில் 1950இல் ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் எழுதி இதழில் வெளியிட்டார். ஒரு தாயாக அவர் செய்ததைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அச்சுறுத்தல் ஒரு மகாகவியின் கையிலிருந்து நேரடியாகப் பெற்றுக்கொண்ட கவிதைகள் அவைதான். 'இரங்கற்பா' என்று நாம் போற்றும் அவருடைய தொகுதியும், பிளாத்தோனவின் 'அடித்தளக் குழி'யும், புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலும் தணிக்கையோடு பேரம் பேசி உருவானவை அல்ல. அச்சாகும் என்ற நம்பிக்கையைக் கைவிட்டோ தள்ளிவைத்தோ, தங்களுக்குள் தாங்களே காத்த சுதந்திரத்தில் அவர்கள் எழுதினார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலை நூல்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை வந்தன. இரண்டு மூன்று தலைமுறைகளின் வாசிப்பை வளர்த்த பெருமை அவற்றுக்கு நியாயமாகவே சேரும். ஆனால் அந்த வரிசையில் எவை வரவேண்டும் என்பதை மாஸ்கோ தீர்மானித்தது. 'அடித்தளக் குழி'யும் 'இரங்கற்பா'வும் அந்த நாட்டிலேயே 1987இல்தான் அச்சாயின. ரஷ்யத் துன்பம் தந்த இலக்கியம் என்று இங்கே பேசப்பட்டதில் பெரும்பகுதி, துன்பத்தைச் சொல்ல அனுமதி பெற்ற பகுதி மட்டுமே.

கொடுங்கோன்மைக்குள் வாழ்ந்தவருக்கே அது புரியும் என்ற வாதத்துக்கு போலந்துக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் பதில் வைத்திருக்கிறார். 1951இல் தம் நாட்டு அரசை விட்டு விலகி பாரிஸில் தஞ்சமடைந்த அவர், 1953இல் 'சிறைப்பட்ட மனம்' நூலை வெளியிட்டார். கட்சியின் உள்வட்டத்தில் ஆர்வெலின் '1984' நாவலை ரகசியமாகப் படித்தவர்கள், ரஷ்யாவில் ஒருநாளும் வாழாத மனிதனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று வியந்ததாக அதில் குறிப்பிடுகிறார். ஆர்வெல் ஸ்பெயின் போரில் தொண்டையில் குண்டு வாங்கியவர். ஸ்டாலினின் ஆட்கள் அங்கே தோழர்களை வேட்டையாடியதை நேரில் அறிந்தவர். என்றாலும் அவர் யோசித்து எழுதியது, யாரும் கதவைத் தட்டாத ஒரு ஸ்காட்லாந்துத் தீவில். போரைப் பற்றிய மிகப் பெரிய நாவலை எழுதிய டால்ஸ்டாய், நெப்போலியன் படையெடுப்புக்கு 16 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர். செவஸ்தபோலில் போரிட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. அதோடு சொந்தப் பண்ணை, ஆறு ஆண்டுகள், எழுதியதை மீண்டும் மீண்டும் படியெடுத்த மனைவி சோஃபியா எல்லாம் இருந்தன.

சிந்தனையாளர்களில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஹன்னா ஆரெண்டும் வால்டர் பெஞ்சமினும் நண்பர்கள். இருவரும் ஹிட்லரிடமிருந்து பிரான்சுக்குத் தப்பியவர்கள். 1940 செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் போர்போ என்ற ஊரில் திருப்பி அனுப்பப்படும் நிலை வந்தபோது பெஞ்சமின் உயிரை மாய்த்துக்கொண்டார். பாரிஸ் நகரம் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதிவந்த பெருநூல் முற்றுப்பெறவில்லை. அவர் ஒப்படைத்திருந்த வேறொரு கையெழுத்துப் பிரதியோடு 1941இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த ஆரெண்ட், 1951இல் சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்களை ஆராயும் நூலை வெளியிட்டார். இருவருக்கும் துன்பம் ஒன்றுதான். ஒருவருக்கு விசாவும் கப்பலும் அதன்பின் பத்து ஆண்டுகளும் கிடைத்தன.

கடைசியாக எஞ்சும் வாதம் ஆறுதல் வடிவில் வருகிறது: உண்மையான எழுத்து எப்படியும் அழியாது. அழியாமல் தப்பியவை எப்படித் தப்பின என்று பார்க்க வேண்டும். மண்டெல்ஷ்டாமின் மனைவி நதேழ்தா, ஸ்த்ரூனினோ ஊரின் பஞ்சாலையில் இரவு ஷிப்டில் தறிகளுக்கிடையே ஓடியபடி கணவரின் கவிதைகளை முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். அக்மதோவா காகிதத் துண்டில் எழுதிக் காட்டுவதை லிதியா சுகோவ்ஸ்கயா படித்து மனத்தில் ஏற்றியதும், அந்தத் துண்டு சாம்பல் கிண்ணத்தில் எரிக்கப்பட்டது. ஒட்டுக்கேட்பவர்களுக்காக வாய் வேறு ஏதோ சாதாரணப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. எழுத்து தானாகப் பிழைக்கவில்லை. கைதாகும் ஆபத்தோடு சிலர் அதைச் சுமந்தார்கள், அவர்களில் பலர் பெண்கள்.

வசீலி கிராஸ்மனுக்கும் அப்படிச் சிலர் வாய்த்தார்கள். 1941இல் பெர்திச்செவ் நகரில் நாஜிகள் அவருடைய தாயைக் கொன்றார்கள். ஸ்டாலின்கிராட் போர்முனையிலிருந்து செய்தி அனுப்பியவர், ட்ரெப்ளிங்கா முகாமைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். ஹிட்லரின் முகாமையும் ஸ்டாலினின் முகாமையும் அருகருகே வைத்துப் பார்த்த 'வாழ்வும் விதியும்' நாவலை 1960இல் முடித்தார். 1961 பிப்ரவரியில் கேஜிபி ஆட்கள் வீட்டுக்கு வந்து பிரதிகளோடு கார்பன் தாள்களையும் தட்டச்சு ரிப்பன்களையும் எடுத்துச் சென்றார்கள். 1964இல், 58 வயதில், புற்றுநோயால் இறக்கும்வரை அந்த நூலை அவர் அச்சில் காணவில்லை. கவிஞர் செம்யோன் லிப்கின் ஒரு பிரதியை மறைத்து வைத்திருந்தார். விஞ்ஞானி சகாரவ் மைக்ரோஃபிலிம் எடுக்க உதவினார். விளாதிமிர் வொய்னோவிச் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பினார். நாவல் 1980இல் சுவிட்சர்லாந்தில் வெளியானது, 1988இல் மாஸ்கோவில். பறிமுதல் செய்த பிரதிகளை ரஷ்ய உளவுத்துறை 2013இல்தான் அரசு இலக்கியக் காப்பகத்திடம் ஒப்படைத்தது.

ஐசக் பாபெலுக்கு அப்படி ஒரு மறுபிரதி இருக்கவில்லை. 1939 மே 15 அன்று அவரைக் கைது செய்தபோது வீட்டிலிருந்த கையெழுத்துப் பிரதிகளையும் குறிப்புகளையும் கோப்புகோப்பாக எடுத்துச் சென்றார்கள். 1940 ஜனவரி 27 அன்று அவரைச் சுட்டுவிட்டு, உயிரோடு இருப்பதாக மனைவியிடம் ஆண்டுக்கணக்கில் பொய் சொன்னார்கள். சோவியத் ஆட்சி முடிந்தபின் காப்பகங்கள் திறந்து தேடப்பட்டன. அவருடைய விசாரணைக் குறிப்புகள் கிடைத்தன, தண்டனைத் தாள் கிடைத்தது. எடுத்துச் சென்ற கதைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.