யார் மக்கு?

சென்ற வாரம் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே பாடம் நடப்பது தெரிந்துவிட்டது. "எத்தனை தரம் சொல்லுகிறது? 'கொக்கு'! நேற்றுத்தானே படித்தாய்?" என்று நண்பரின் குரல் கேட்டது. பிறகு 'பளார்' என்று ஓர் ஓசை, அப்புறம் விசும்பல்.

பையனுக்கு வயது எட்டு. கேட்ட கதையை ஓர் இழை விடாமல் திருப்பிச் சொல்லுவான். கடைக்குப் போய் வந்தால் சில்லறையில் ஒரு ரூபாய் தவறாது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் வாடிவிடும்.

"வேண்டுமென்றே செய்கிறான், ஸார்! சுத்த மக்கு!" என்றார் நண்பர்.

மக்காக இருப்பவனுக்கு வேண்டுமென்றே செய்யும் சாமர்த்தியம் ஏது? வேண்டுமென்றே செய்பவன் மக்கு ஆவது எப்படி? உண்மையில் அவன் இரண்டும் அல்லன் என்பதுதான் விஷயம்.

1896-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் இப்படிப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அவனுக்கு வயது பதினான்கு. 749-ஐ 867-ஆல் சட்டென்று பிழையின்றிப் பெருக்கினான். ஆனால் தன் பெயரை எழுதும்போதே எழுத்துக்கள் இடம் மாறின. பாடங்களை எல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளிக்கூடத்தில் இவனே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் அபிப்பிராயம். இந்தக் குறைக்கு இப்போது 'டிஸ்லெக்ஸியா' என்று பெயர்.

அக்காலத்தில் இதைச் 'சொற்குருடு' என்றார்கள். ஆனால் குறை கண்ணில் இல்லை. மூக்குக் கண்ணாடியால் இது தீராது. பேச்சைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு பிணைப்பதில்தான் பெரும்பாலும் சிரமம். புத்திக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம் தமிழ் எழுத்தையே பாருங்கள். 'கொ' என்னும்போது வாயில் முதலில் வருவது 'க்'. கண்ணில் முதலில் படுவதோ கொம்பு, நடுவில் 'க', கடைசியில் ஒரு கால்! 'ல, ள, ழ' என்றும், 'ர, ற' என்றும், 'ன, ண' என்றும் ஒலியில் நெருங்கிய எழுத்துக்கள் வேறு. நமக்கு இவையெல்லாம் பழகிப் போயின. அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வரியும் ஒரு மலை.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டி, வேறு கோளாறு இல்லை என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். அடுத்தபடியாக, புத்தகத்தை மூடிவிட்டு விளையாட்டாகத் தொடங்கலாம். "'மரம்' என்பதில் 'ம'வுக்குப் பதில் 'க' வைத்தால் என்ன?" என்று கேளுங்கள். "கரம்!" என்று அவன் கூவும்போது பாதிப் பாடம் முடிந்தது. பிறகு கைக்கு வேலை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாயால் உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள் அல்லவா? டிஸ்லெக்ஸியாக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நிபுணர்கள் இன்று கையாளும் முறையும் இதைப் போன்றதே. கண், காது, கை மூன்றும் ஒருங்கே வேலை செய்ய வேண்டும். ஒரு தாம்பாளத்தில் மணலையோ அரிசியையோ பரப்பினால் போதும். ஒரு நாளைக்கு ஓரிரண்டு எழுத்து, கால்மணி நேரம். அது மனத்தில் ஊன்றிய பிறகே அடுத்தது.

இரவில் நல்ல கதைகளை நீங்களே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்து தாமதமாக வருகிறது என்பதற்காக அறிவும் பட்டினி கிடக்க வேண்டுமா? மற்றவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தம்பி தங்கையோடு ஒப்பிடவே வேண்டாம். இந்தக் குறை ஒரேயடியாக மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முறையாகக் கற்பித்தால் நன்றாகப் படிக்க வரும். நம் நாட்டில் 2016-ம் வருஷத்துச் சட்டம் இதையும் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பரீட்சைகளில் கூடுதல் நேரமும், எழுதித்தர ஒருவரும் கேட்டுப் பெறலாம். ஆகவே, தகுந்த நிபுணரைக் கொண்டு பரிசோதித்துச் சான்று வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லிவிட்டு, "இது பல குடும்பங்களில் தலைமுறையாக வருவதுண்டு" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில், "எனக்கும் அப்படித்தான். இன்றைக்கும் நீளமாக ஏதாவது கடிதம் வந்தால் அவளைத்தான் படிக்கச் சொல்லுகிறேன். எங்கள் அப்பா பிரம்பை முறித்ததுதான் மிச்சம்" என்றார்.

கூடத்து மூலையில் நின்ற பையன் இதைக் கேட்டுவிட்டான். கண்களைத் துடைத்துக்கொண்டு தகப்பனார் அருகில் வந்து, "உங்களுக்கும் 'கொக்கு' வராதா, அப்பா?" என்றான்.

நண்பர் அவனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அன்றைக்கு அதுவே முதல் பாடம்.