வேகத்தடைக்கு அப்பா யார்?

மம்சாபுரத்தில் இருக்கும் என் அத்தான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்த ஊருக்கு ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் ராஜபாளையம். இரண்டுமே பத்து கிலோமீட்டருக்குள் என்பதால் எதற்கும் பைக்தான். போன மாதம் ஒருநாள் ஹெல்மெட் அவருடைய பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது. தலையில் இல்லை. 1,000 ரூபாய் அபராதம். 2022 அக்டோபர் வரை இதே குற்றத்துக்கு 100 ரூபாய்தான்.

ராத்திரி போன் பண்ணினார். புலம்பப் போகிறார் என்று நினைத்து ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"மாப்ளே, தப்பு என் மேலதான். பைனைக் கட்டிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். நான் தப்புப் பண்ணினா என் பேருக்கு ரசீது வருது. ரோடு தப்புப் பண்ணினா யார் பேருக்கு ரசீது போகும்?"

நான் பி.காம். படித்தவன். காலேஜில் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டாலும் ஒன்று மறக்கவில்லை. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். இரண்டு பக்கமும் டாலி ஆகவில்லை என்றால் எங்கோ ஒரு பேரேட்டில் யாரோ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அத்தான் கேட்டது அந்த மாதிரிக் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் போடாதவர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2007 ஜூனில் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் அது பரணுக்குப் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னபிறகு 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம் ஆனது. இத்தனைக்குப் பிறகும் போடமாட்டேன் என்றால் 1,000 என்ன, இன்னும் கூடப் போடலாம். என் சண்டை அந்த ரசீதோடு இல்லை. வராத ரசீதோடுதான்.

நம்மில் பலர் 'டிராபிக்' என்பது ஒரு ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு ஆபீஸ் கிடையாது. மம்சாபுரம் மாதிரி ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவும் சாக்கடையும் பேரூராட்சிக்கு. ஊரை ஊரோடு இணைக்கிற பெரிய சாலைகள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. அங்கிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போய், திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற சாலையில் ஏறினால் அது தேசிய நெடுஞ்சாலை 744, டெல்லியின் சொத்து. பஸ் ஸ்டாண்டு நகராட்சிக்கு, அதற்குள் வரும் அரசு பஸ் போக்குவரத்துக் கழகத்துக்கு. லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்கு, அபராதம் போலீசுக்கு. நடுரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பம் மின்வாரியத்துக்கு, அதன் காலடியில் தோண்டிய பள்ளம் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்குள் நீங்கள் ஐந்தாறு அரசாங்கங்களைத் தாண்டிவிடுகிறீர்கள். பாஸ்போர்ட் கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

இத்தனை பேரும் பங்காளிகள். சொத்து பொது, வழக்கு வந்தால் "அது அவங்க பங்கு சார்."

இந்தப் பங்காளிகளில் யாரும் பெற்றதாக ஒப்புக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருக்கிறது. வேகத்தடை.

நம் ஊர்களில் வேகத்தடை எப்படிப் பிறக்கிறது என்று நிருபராக இருந்த காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். லாரியோ பஸ்ஸோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை அடித்துப் போட்டுவிடும். ஊர் திரண்டு சாலை மறியலில் உட்காரும். ரெண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். முதலில் இன்ஸ்பெக்டர் வருவார், அப்புறம் தாசில்தார் வருவார். பேச்சுவார்த்தை. "உங்க கோரிக்கை என்னய்யா?" "ஸ்பீடு பிரேக்கர் வேணும்." சாயங்காலத்துக்குள் ஜல்லியும் தாரும் வந்து இறங்கும். யார் அனுப்பியது, எந்தக் கணக்கில் அனுப்பியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கூட்டம் கலைய வேண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தடை ஒரு இன்ஜினீயர் போட்ட திட்டம் இல்லை. ஒரு தாசில்தார் பேசி முடித்த சமரசம்.

அதைப் பார்த்துப் பக்கத்துத் தெரு கேட்கும். கவுன்சிலர் வீட்டு வாசலில் ஒன்று முளைக்கும். கல்யாண மண்டபக்காரர் தன் செலவிலேயே ஒன்று போட்டுக்கொள்வார். ஆக, நாமும் யோக்கியமில்லை. அடுத்தவன் வாசலில் இருந்தால் இடுப்பு ஒடிகிறது என்போம், நம் வாசலில் இல்லையென்றால் மனு எழுதுவோம்.

இதற்கு அளவு உண்டா என்றால், உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைகளுக்குத் தரநிர்ணயம் செய்கிற அமைப்பு) 1988-லேயே எழுதி வைத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர். அகலம் 3.7 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கார் நீளம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே கூடாது. இருப்பதை எடுங்கள் என்று 2016-ல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கையே அனுப்பியது.

உங்கள் வீட்டுப் பக்கத்து வேகத்தடையை ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். நான் அளந்தேன். காரணம், போன வருஷம் ஒரு மழை ராத்திரியில் அதன்மேல்தான் விழுந்தேன். எங்கள் பேட்டையில் இருக்கிற ஒன்று. பலகை இல்லை, பட்டை இல்லை, தெருவிளக்கும் இல்லை. உயரம் 19 சென்டிமீட்டர். அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். ஹெல்மெட் போட்டிருந்ததால் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கை மட்டும் இன்னும் நேராகவில்லை.

அத்தானின் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது சட்டப் புத்தகத்தில் ஒன்றைப் பார்த்தேன். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றினார்களே, அது எல்லோருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். அது நமக்கு இல்லை. சாலையை வடிவமைக்கிற, போடுகிற, பராமரிக்கிற அதிகாரிகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும். பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டால் அவர்களுக்கும் அபராதம் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை!

அடடே என்று சந்தோஷப்படுவதற்குள் மீதியையும் படியுங்கள். அந்தத் தவறால் ஒருவர் செத்திருக்க வேண்டும், அல்லது ஊனமாகியிருக்க வேண்டும். அப்போதுதான் அபராதம். அந்தப் பணமும் செத்தவர் வீட்டுக்கு நேரே போகாது, விபத்து நிதிக்குப் போகும்.

அத்தானுக்கு 1,000 ரூபாய் போடுவதற்கு அவர் விழ வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஹெல்மெட் தலையில் இல்லை என்பதே குற்றம். நியாயம்தான், விபத்து வருமுன் தடுப்பதற்குத்தானே சட்டம்? அதே நியாயம் 19 சென்டிமீட்டர் வேகத்தடைக்கு ஏன் இல்லை? பட்டை தலையில் இல்லை என்பதே குற்றமாக ஏன் ஆகக்கூடாது? நம் தப்புக்கு முன்கூட்டியே வசூல், ஆபீஸ் தப்புக்குப் பிணம் விழுந்தபிறகு விசாரணை. இதைத்தான் டாலி ஆகவில்லை என்கிறேன்.

இந்தக் கணக்கை ஏற்கெனவே ஒரு தமிழர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார். கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். ஒடிந்து வருகிற எலும்புகளை ஒட்டவைத்தால் போதும் என்று இருக்காமல், 2012-ல் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் கோர்ட் நியமித்த கமிட்டி, 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி, சாலைகளுக்குத் தணிக்கை என்ற பேச்செல்லாம் வந்தது. 2013-லிருந்து 2017 வரை நாட்டில் பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் செத்தார்கள் என்று தெரிந்தபோது, இதை ஏற்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் எல்லாக் காரணத்தாலும் சேர்த்து இறந்தவர்கள் 17,884. நாளைக்கு 49 பேர். ஒரு நாளில் ஒரு டவுன் பஸ் நிறைய.

ஸ்வீடனில் 1997-ல் நாடாளுமன்றமே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. மனுஷன் என்றால் தப்புப் பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு அவன் உயிர் விலையாகாத மாதிரி சாலை போடுவது சாலை போடுகிறவன் பொறுப்பு என்று. "ஸார், அது ஸ்வீடன்" என்பீர்கள். சரி, ஸ்வீடன் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வாருங்கள்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடும்போது அந்த ரத வீதிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு முன்பே பள்ளம் மூடப்படும். குறுக்கே போகிற வயர்களைக் கழற்றுவார்கள், கரன்ட்டை நிறுத்துவார்கள். பஸ்களுக்கு மாற்றுப் பாதை. நீட்டிக்கொண்டிருக்கும் கடைக் கூரைகள் உள்ளே போகும். அறநிலையத் துறை, நகராட்சி, போலீஸ், மின்வாரியம், நெடுஞ்சாலை எல்லாப் பங்காளிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எது யார் வேலை என்று பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஒருவர்கூட "அது அவங்க பங்கு" என்று சொல்வதில்லை. சொல்ல முடியாது, தேர் நின்றுவிடும், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

தேரில் எனக்குப் பிடித்தது வடம் இழுப்பவர்கள் அல்ல, முட்டுக்கட்டை போடுகிறவர்கள். நாம் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுவதற்குத்தான் அந்த வார்த்தையை வைத்திருக்கிறோம். உண்மையில் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு கொடுப்பது என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. கட்டை தப்பினால் யார் கை தப்பியது என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மிச்ச நாட்களில் நம் சாலைகளில் கிடக்கிற தார்க் கட்டைகளுக்கு அப்படி ஒரு கை இல்லை.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. மேம்பாலம் வேண்டாம், கேமரா வேண்டாம், விழிப்புணர்வு ஊர்வலம் நிச்சயமாக வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பக்கத்தில் ஒரு பலகை. இது எந்த ஆபீஸ் போட்டது, எந்த வருஷம், என்ன அளவு, புகார் சொல்ல எந்த நம்பர். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை கட்டினால் எம்.எல்.ஏ. பெயரையும் தொகையையும் எத்தனை பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள்? அதில் பாதி அளவு எழுத்துப் போதும். அபராதப் பணத்தில் ஒரு பங்கைச் சாலைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்லது. அப்படியே ஊருக்கு ஊர், இங்கே வசூலானது இவ்வளவு, இந்த ஊர்ச் சாலைக்குத் திரும்பி வந்தது இவ்வளவு என்று ஒரு வரி எழுதி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டினால், அடுத்த தடவை அத்தான் முணுமுணுக்காமல் கட்டுவார்.

என்னை விழவைத்த வேகத்தடை யாருடையது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டேன். முதல் ஆபீஸ், தங்களுடையது இல்லை என்று 6(3) பிரிவின்படி இரண்டாவது ஆபீசுக்கு அனுப்பியது. இரண்டாவது ஆபீஸ் மூன்றாவதுக்கு அனுப்பியது. மூன்றாவது ஆபீஸ், "கோரப்பட்ட பொருள் தொடர்பான கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை" என்று எழுதி, நகலை முதல் ஆபீசுக்கே அனுப்பிவைத்திருக்கிறது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து அதற்குப் பட்டை அடித்துவிட்டார். செலவு 340 ரூபாய். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எந்த ஆபீசில் கொடுப்பது என்று என்னைக் கேட்கிறார்.