‘லைக்’ பசிக்கு வயது வரம்பு உண்டா?

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை விதித்துள்ளது. பிள்ளைகளைச் சட்டம் தடுக்கலாம். பெரியவர்களை யார் தடுப்பது?

2017இல் வந்த ‘இங்ரிட் கோஸ் வெஸ்ட்’ எனும் அமெரிக்கப் படம் இதைத்தான் கேட்கிறது. சண்டான்ஸ் விழாவில் திரைக்கதைக்கு விருது பெற்றும், பலரின் கண்ணில் படாமல் போன படம்.

தாயை இழந்து தனிமையில் வாடும் இங்ரிட் (ஆப்ரி பிளாசா), அவர் விட்டுச்சென்ற பணத்துடன் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்கிறாள். இன்ஸ்டாகிராம் பிரபலம் டெய்லரின் நாயைத் திருடி, தானே கண்டெடுத்ததுபோல் கொடுத்து நட்பாகிறாள். டெய்லரின் பகட்டு வாழ்க்கையும் பாதி வேஷம்தான். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், போகப்போக உறுத்துகிறது.

அம்பலப்பட்ட இங்ரிட், தன் தனிமையைக் காணொளியில் கொட்டிவிட்டு உயிரை விடத் துணிகிறாள், பிழைக்கிறாள். காணொளி பரவி, முகமறியாதோரின் அன்பு குவிகிறது. அவள் மீது உண்மையான அக்கறை கொண்ட வீட்டு உரிமையாளர் டான் பக்கத்திலேயே இருக்கிறான். அவள் புன்னகைப்பதோ கைப்பேசியைப் பார்த்து.

நோயே மருந்தாகத் தெரியும் அந்த இடத்தில் படம் முடிகிறது. கணக்கை மூடச் சட்டம் போதும். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்க எந்தச் சட்டமும் இல்லை.